கடலடியில் விழும் சம்மட்டி

கிராமத்துக் கிணற்றிலோ கோயில் தெப்பக்குளத்திலோ முங்கு நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு விளையாட்டு நினைவிருக்கும். ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கியிருப்பான். மற்றொருவன் எதிர்ப்புறப் படியில் உட்கார்ந்து, இரண்டு கூழாங்கற்களை நீருக்கடியில் ஒன்றோடொன்று தட்டுவான். மேலே நிற்பவர்களுக்கு ஏதும் கேட்காது. மூழ்கியிருப்பவனுக்கோ, காதருகிலேயே யாரோ தட்டுவது போலிருக்கும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் புரியாது. மண்டைக்குள்ளேயே அடிப்பது போன்ற அந்த உணர்ச்சியைத் தாங்காமல் பையன் சீக்கிரமே தலையை வெளியே நீட்டிவிடுவான்.

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. தண்ணீரிலோ சுமார் 1,500 மீட்டர். அதோடு, தண்ணீரில் அது அவ்வளவு சீக்கிரம் தேய்ந்து போவதும் இல்லை. வெளிச்சத்தின் கதை இதற்கு நேர் எதிர். கலங்கல் கடலில் நீட்டிய கை தெரியாது. தெளிந்த கடலிலும் ஆழம் போகப் போக இருள் கவிந்துவிடும். ஆகவே கடலில் வாழும் ஜீவன்களில் பல, கண்ணைவிடக் காதை நம்பியே காலம் தள்ளுகின்றன. இரையைத் தேடுவது, துணையை அழைப்பது, குட்டியைப் பிரியாமல் இருப்பது, பகையை அறிந்து விலகுவது எல்லாம் அவற்றுக்கு ஓசையினால்தான் ஆகவேண்டும். கிணற்றில் மூழ்கிய பையன் தலையை வெளியே நீட்டித் தப்பித்துக்கொண்டான். அவை எங்கே தலையை நீட்டும்?

இந்த உலகத்துக்குள்தான் மனிதன் சம்மட்டியோடு இறங்கியிருக்கிறான். பாலத்துக்காகவும் துறைமுகத்துக்காகவும் எண்ணெய்க் கிணறுகளுக்காகவும் கடலில் தூண் இறக்குவது புதிய வேலை அல்ல. ஆனால் இந்த நூற்றாண்டில் கடலில் காற்றாலை கட்டத் தொடங்கியதிலிருந்து அந்த வேலையின் அளவே மாறிவிட்டது. டென்மார்க்கின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹார்ன்ஸ் ரெவ் என்ற மணல் திட்டில் 2002ஆம் ஆண்டில் 80 காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் அடியில் சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள ஒரே ஓர் இரும்புக் குழாய். இன்று இறக்கப்படும் குழாய்களில் சில 10 மீட்டர் விட்டத்தை எட்டிவிட்டன. எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். அப்படிப்பட்ட குழாயைப் படுக்க வைத்தால் அதற்குள் இரண்டு டவுன் பஸ்களைப் பக்கம் பக்கமாக ஓட்டிப் போகலாம்.

அந்தக் குழாயைக் கடலின் தரையில் நிமிர்த்தி வைத்து, தலையில் ஒரு ராட்சதச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். ஓரிரு வினாடிக்கு ஓர் அடி. ஒரு குழாய் வேண்டிய ஆழத்துக்கு இறங்குவதற்குள் சில ஆயிரம் அடிகள் விழுந்துவிடும். மணிக்கணக்கில் வேலை நடக்கும். ஒவ்வோர் அடிக்கும் இரும்புச் சுவர் மயிரிழை அளவு உப்பி அடங்குகிறது. அந்த உப்பல் குழாயின் உச்சியிலிருந்து அடி வரை ஓடுகிறது. ஓடும் வழியெல்லாம் சுற்றியுள்ள நீரைத் தள்ளிக்கொண்டே போகிறது. நீர் மட்டுமல்ல, கடலடி மண்ணும் சேர்ந்து அதிர்கிறது. குழாய் முழுவதும் ஒரு பெரிய மணியின் நாக்குப் போலவும், கடல் அந்த மணி போலவும் ஆகிவிடுகிறது என்று சொல்லலாம்.

கேளாத காதும் பட்டினியும்

வட கடலில் கடற்பன்றி என்று ஒரு சிறு பிராணி உண்டு. டால்பின் என்று பட்டணத்தாரும் ஓங்கில் என்று நம் கடற்கரை மக்களும் சொல்லும் பிராணிக்கு அது தம்பி முறை. நீளம் ஒன்றரை மீட்டர்தான். மூக்கு நீளாமல் மொட்டையாக இருக்கும். குதித்துக் கும்மாளம் போட்டு மனிதர்களை மகிழ்விக்கும் வழக்கமும் அதற்கு இல்லை. மூச்சுவிட ஒரு தரம் முதுகைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். சினிமாக்காரர்களுக்கு அதனால் உபயோகமில்லை. ஆனால் விஞ்ஞானிகளுக்கு அதைப் போல உதவிய பிராணி வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

காரணம், அது ஓயாமல் சொடுக்குப் போடும். 130 கிலோஹெர்ட்ஸ் அளவில், மனிதக் காதுக்கு எட்டாத மிக மெல்லிய உச்ச ஸ்தாயியில் இடைவிடாமல் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டே மீன் எங்கே, தரை எங்கே என்று தெரிந்துகொள்கிறது. அந்தச் சொடுக்குகளை எண்ணும் கருவியைக் கடலுக்குள் கட்டித் தொங்கவிட்டால் போதும். இத்தனை மணிக்கு இங்கே கடற்பன்றி இருந்தது, இத்தனை மணிக்கு இல்லை என்று கணக்கு எழுதிவிடலாம்.

ஹார்ன்ஸ் ரெவ் திட்டில் இரண்டாவது காற்றாலைப் பண்ணைக்கு 2008ல் தூண் இறக்கியபோது இந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. தூணிலிருந்து 2.6 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த கருவி, சம்மட்டி ஓய்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஒரு சொடுக்கைக்கூடக் கேட்கவில்லை. பழைய நிலை திரும்ப 24 முதல் 72 மணி நேரம் பிடித்தது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரம் வரை குறைவு தெரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வேடிக்கை என்று சொல்லத்தான் மனம் வரவில்லை, ஒரு தூணின் அதிர்ச்சியிலிருந்து அந்தப் பிராணிகள் மீண்டு வருவதற்குள் அடுத்த தூணின் முறை வந்துவிட்டது. ஆகவே, அருகிலிருந்த பகுதியில் வேலை நடந்த ஐந்து மாதமும் கடற்பன்றியின் நடமாட்டம் குறைந்தே கிடந்தது.

போனால் போகட்டும், கடல் பெரிதுதானே, வேறு இடம் போய் மேயட்டும் என்று சிலர் நினைக்கலாம். கடற்பன்றியின் வயிற்றை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குளிர்ந்த நீரில் வாழும் சின்ன உடம்பு அது. உடம்புச் சூடு ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். பெரிய திமிங்கிலத்தைப் போல மாதக்கணக்குக்குக் கொழுப்பைச் சேமித்து வைத்துக்கொள்ள அதனால் இயலாது. டென்மார்க் கடலில் சில கடற்பன்றிகளின் முதுகில் சிறு கருவிகளை ஒட்டி அனுப்பி ஆராய்ந்ததில், அவற்றில் சில ஒரு மணி நேரத்தில் 550 சின்ன மீன்கள் வரைக்கும் துரத்திப் பிடிக்க முயல்வது 2016ல் தெரிய வந்தது. இரவும் பகலும் இதே வேலைதான். தினக்கூலிக்காரன் வீட்டு அடுப்பு மாதிரி, ஒரு நாள் வேலை நின்றாலும் மறு நாள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பிராணியை அதன் மேய்ச்சல் நிலத்திலிருந்து இரண்டு நாள் விரட்டி வைப்பது சாதாரண விஷயம் ஆகாது. அதிலும் கட்டுமானக்காரர்களுக்குக் கடல் அமைதியாக இருக்கும் கோடை மாதங்கள் வேண்டும். கடற்பன்றி குட்டி போடுவதும் கோடையில்தான்.

அருகில் அகப்பட்டுக்கொண்ட பிராணியின் கதி வேறு. பலத்த ஒலி காதின் திறனைக் குறைத்துவிடும். சிறிது நேரத்தில் மீள்வதும் உண்டு. அளவு மீறினால் மீளாமலே போவதும் உண்டு. மனிதனுக்குச் செவிடு என்றால் சைகையால் பேசலாம், கண்ணால் பார்த்துச் சாலையைக் கடக்கலாம். எதிரொலியைக் கொண்டே இரை பிடிக்கும் பிராணிக்குக் காது போனால் கண்ணும் கையும் சேர்ந்தே போன மாதிரி.

பாலூட்டிகளோடு இது முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஒரு பெரிய பாலத்துக்காக 2000ஆம் ஆண்டு இறுதியில் பரிசோதனைத் தூண்கள் இறக்கப்பட்டபோது மீன்கள் செத்து மிதந்தன. பெரும்பாலான மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும்போது அந்தப் பை விரிந்து சுருங்கிப் பக்கத்து உறுப்புகளைச் சிதைத்துவிடுகிறது. காற்றுப்பையும் இல்லாத, காது என்று தனியாக ஒன்றும் இல்லாத ஊசிக் கணவாய் கூட இதற்குத் தப்பவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிளாக் ஐலண்ட் காற்றாலைக்குத் தூண் அடித்தபோது பதிவு செய்த சத்தத்தைத் தொட்டியில் இருந்த கணவாய்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவை நிறம் மாறின, திடுக்கிட்டுப் பாய்ந்தன, மை கக்கின. ஏழெட்டு அடிகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. பழகிவிட்டது என்று நினைத்தால், மறுநாள் அதே சத்தத்தைக் கேட்டதும் மறுபடியும் முதலிலிருந்தே திடுக்கிட ஆரம்பித்தன. உள்ளே நீரின் அசைவை உணரும் சிறு உறுப்பு ஒன்று இருக்கிறது. அதுவே அதற்குக் காது. இந்த ஆராய்ச்சி 2020ல் வெளிவந்தது. 'நாளாவட்டத்தில் பழகிவிடும்' என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ளும் அதிகாரிகள் இந்தக் கணவாயைச் சற்றே யோசித்துப் பார்ப்பது நல்லது.

ஓர் எண் செய்த காரியம்

இவ்வளவையும் படிக்கிறவர்களுக்கு, 'அப்படியானால் கடலில் எதையுமே கட்டக் கூடாதா?' என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் ஜெர்மனியில் இருக்கிறது.

ஜெர்மானியர் எதற்கும் ஓர் அளவு வைத்துக்கொள்கிறவர்கள். தூண் இறக்கும் இடத்திலிருந்து 750 மீட்டர் தூரத்தில் ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று கடல் காற்றாலைகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை எழுதினார்கள். (நீருக்கடியில் டெசிபலை அளக்கும் அடிப்படை வேறு. ரோட்டில் ஹாரன் சத்தத்தை அளக்கும் டெசிபலோடு இதை ஒப்பிட்டு யாரும் குழம்ப வேண்டாம்.) ஏட்டில் எண் ஏறியதே தவிர, அந்த அளவுக்குச் சத்தத்தை அடக்கும் சாதனம் அப்போது முழுமையாகக் கைக்கு வரவில்லை. ஆல்ஃபா வென்டஸ் என்ற அவர்களுடைய முதல் கடல் காற்றாலைப் பண்ணையில் 2009ல் 12 காற்றாலைகளுக்கு வேலை நடந்தபோது வரம்பு மீறப்பட்டது. ஆனால் எண்ணை அவர்கள் தளர்த்திவிடவில்லை. வேலையையும் நிறுத்திவிடவில்லை. எஞ்சினியர்களைப் பார்த்து, 'வழி கண்டுபிடியுங்கள்' என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

அவர்கள் கண்ட வழிகளில் முக்கியமானது காற்றுக் குமிழித் திரை. ஓட்டைகள் போட்ட நீண்ட குழாயைத் தூணைச் சுற்றிக் கடலடியில் வட்டமாக விரித்துவிடுகிறார்கள். கப்பலில் உள்ள யந்திரங்கள் அதற்குள் காற்றை அடைக்கின்றன. பொங்கிக் கிளம்பும் குமிழிகள் தரையிலிருந்து மேல்மட்டம் வரைக்கும் ஒரு வேலி போல எழும்புகின்றன. நீரில் தடையின்றி ஓடிவரும் ஒலி, காற்றும் நீரும் கலந்த அந்த வேலியில் முட்டிச் சிதறுகிறது. பாதி வழியிலேயே பலம் இழக்கிறது. நன்றாக அமைந்த பெரிய குமிழித் திரை 10 முதல் 15 டெசிபல் வரை குறைத்துவிடும். 10 டெசிபல் என்றால் கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் 10 குறைந்தால், ஒலியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் மீதி என்று அர்த்தம். இரண்டு வளையமாகத் திரை போட்டும், தூணுக்கு மேலேயே இரும்புச் சட்டை மாட்டியும் சில ஆண்டுகளுக்குள் 160 என்ற எண்ணை எட்டிப் பிடித்துவிட்டார்கள். 2013 டிசம்பரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வட கடலுக்கென்று தனியாக ஓர் ஒலித் தடுப்புத் திட்டத்தையே வெளியிட்டது. ஒரே சமயத்தில் தங்கள் கடற்பகுதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கடற்பன்றிகள் தொந்தரவுக்கு ஆளாகக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குமிழித் திரை என்ற யோசனை ஜெர்மனியில் பிறந்ததல்ல. ஹாங்காங்கில் புதிய விமான நிலையத்துக்காக ஷா சௌ தீவருகே எரிபொருள் இறக்கும் துறை கட்டியபோது, அங்கே வாழும் வெண் ஓங்கில்களைக் காப்பாற்ற 1996லேயே அதைச் செய்து பார்த்தார்கள். அப்போது 3 முதல் 5 டெசிபல்தான் குறைந்தது. எனினும், யோசனை கையில் இருந்தது. அதற்குப் பிறகு 2002லும் 2008லும் ஹார்ன்ஸ் ரெவ் திட்டில் தூண்கள் இறங்கியபோது அங்கே குமிழித் திரை போடப்படவில்லை. பிராணிகளை முன்கூட்டி விரட்டுவதற்கென்று கடலுக்குள் கூச்சலிடும் கருவிகளைத்தான் வைத்தார்கள். சத்தத்திலிருந்து காப்பாற்ற இன்னொரு சத்தம்! அந்த விரட்டுக் கருவியே பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கடற்பன்றிகளை ஓட்டிவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது. யோசனை இருந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் அது உறங்கிக் கிடந்ததற்குக் காரணம், யாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்பதல்ல. இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஓர் எண் இல்லை, அவ்வளவுதான். கருணையை நம்பிக் கம்பெனிகள் செலவு செய்வதில்லை. எண்ணுக்குக் கட்டுப்பட்டுச் செய்கின்றன.

சம்மட்டியே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. பெரிய அண்டாவைக் கவிழ்த்துக் கடல் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்பினால் உறிஞ்சினால், வெளி அழுத்தமே அதை மண்ணுக்குள் அமிழ்த்திவிடும். ஸ்காட்லாந்தில் அபர்டீன் வளைகுடாவில் 11 காற்றாலைகளை 2018ல் இப்படித்தான் நிறுத்தினார்கள். எல்லா மண்ணுக்கும் இது ஒத்துவராது. ஒத்துவரும் இடத்தில் செய்யாமலிருக்கவும் காரணமில்லை.

காற்றாலையின் மேல் குற்றம் சொல்வது இங்கே நோக்கமல்ல. கரியையும் எண்ணெயையும் எரித்துக் கடலையே சூடாக்கிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு அது தேவையான சாதனம். கட்டி முடித்த பிறகு அது கடலுக்குப் பெரிய பகையும் அல்ல. கருவி கட்டி அனுப்பிய சில கடல்நாய்கள், ஆல்ஃபா வென்டஸ் பண்ணையில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று கட்டம் போட்ட கோலப் புள்ளிகளைத் தொட்டுச் செல்வது போல நீந்தி இரை தேடியது தெரிய வந்திருக்கிறது. தூண்களின் அடியில் மீன் சேர்கிறது என்பதை அவை கண்டுகொண்டுவிட்டன. ஹாலந்துக் கரையில் எக்மண்ட் பண்ணைக்குள் வெளியைவிடக் கடற்பன்றிகள் அதிகமாகவே காணப்பட்டன. ஆனால் டென்மார்க்கின் தென்கிழக்கே நிஸ்டெட் பண்ணையில் சுமார் பத்து ஆண்டு கழித்தும் அவை பழைய அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஒரே பிராணி, ஒரே மாதிரியான பண்ணை, விளைவு மட்டும் வேறு. ஓரிடத்துக் கணக்கை இன்னோரிடத்துக்கு அப்படியே பெயர்த்து எழுத முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அமெரிக்காவில் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியதற்கெல்லாம் காற்றாலையே காரணம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டுக் கடல் துறை நிபுணர்களே சொல்லிவிட்டார்கள். அளக்காமல் அலட்சியம் செய்வதும் தவறு, அளக்காமல் அலறுவதும் தவறு.

மன்னார் வளைகுடாவுக்கு வரும் முறை

இது ஏதோ ஐரோப்பியர் சங்கதி என்று தள்ளிவிட முடியாதபடி, விஷயம் தமிழ்நாட்டுக் கரையை நெருங்கிவிட்டது. கடல் காற்றாலைகளுக்கு உதவித் தொகையாக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அதன்படி குஜராத் கரைக்கு அப்பால் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கரைக்கு அப்பால் 500 மெகாவாட். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற இடமாக நிபுணர்கள் கண்டிருப்பது கன்னியாகுமரிக்கும் ராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடல். அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

அந்தக் காற்றுக்குக் கீழே இருப்பது சாதாரணக் கடல் அல்ல. 21 தீவுகளைக் கொண்ட தேசியக் கடல் பூங்கா 1986 முதல் அங்கே இருக்கிறது. கூனல் முதுகு ஓங்கில்களும், பவளப் பாறைகளும், கடற்புல் வெளிகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஆவுளியா இருக்கிறது. கடற்பசு என்று புத்தகங்கள் சொல்லும் அந்தச் சாது, கடற்புல்லைத் தவிர வேறு எதையும் பெரிதாக விரும்பாது. ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில வருஷங்கள் ஆகும். தாயும் குட்டியும் சின்னஞ்சிறு கீச்சொலிகளால் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறுக்குள்தான். அவற்றுக்காகப் பாக் நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாகத் தமிழக அரசாங்கம் 2022 செப்டம்பரில் அறிவித்தது. நாட்டிலேயே கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் காப்பகத்தின் எல்லைக் கல் படகுக்குத் தெரியும், வலைக்குத் தெரியும். சத்தத்துக்குத் தெரியாது.

கோயில் திருவிழாவில் இரவு 10 மணிக்கு மேல் கூம்பு ஒலிபெருக்கி அலறினால் போலீசில் புகார் கொடுக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அதற்கு இடம் தருகின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எண்ணும் எழுதியிருக்கிறது. ஆனால் அவை காற்றில் எழும் சத்தத்துக்கு மட்டுமே ஆன விதிகள். கடலுக்கடியில் விழும் சம்மட்டிக்கு அவற்றில் எண் கிடையாது. புகார் கொடுக்க ஆவுளியா ஸ்டேஷனுக்கு வரப் போவதுமில்லை.

நல்ல வேளையாக இந்தியக் கடலில் ஒரு காற்றாலைத் தூணும் இன்னும் இறங்கவில்லை. முதல் தூண் இறங்குவதற்கு முன்பே எண்ணை எழுதிவிடும் வாய்ப்பு இங்கே இருக்கிறது. ஜெர்மனியின் 160ஐ அப்படியே எடுத்து ஒட்டிவிடச் சொல்லவில்லை. அது வட கடலின் தரைக்கும் கடற்பன்றியின் காதுக்கும் பொருந்த எழுதிய எண். மன்னார் வளைகுடாவின் பாறைத் தரையும், ஆழம் குறைந்த நீரும், ஆவுளியாவின் செவியும் வேறு. ஆகவே வேலை தொடங்குவதற்கு ஓரிரு ஆண்டு முன்பிருந்தே கடலுக்குள் ஒலிவாங்கிகளைக் கட்டி, சம்மட்டி இல்லாத கடல் எப்படி ஒலிக்கிறது, எந்த மாதத்தில் எந்தப் பிராணி எங்கே பேசுகிறது என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு கம்பெனியின் பெட்டிக்குள் கிடக்காமல் பல்கலைக்கழகங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கிடைக்க வேண்டும். அதிலிருந்து வரும் எண்ணும், அதை அளக்கும் தூரமும், மீறினால் சம்மட்டி நின்றாக வேண்டும் என்ற ஷரத்தும் டெண்டர் தாளிலேயே இருக்க வேண்டும். டெண்டர் முடிந்து, விலை பேசி, மின்சாரத்துக்கு யூனிட் கணக்கும் போட்ட பிறகு குமிழித் திரையைப் பற்றிப் பேசினால், 'அந்தச் செலவு எங்கள் கணக்கில் இல்லையே' என்று கம்பெனிக்காரர் சொல்வார். அவர் சொல்வதும் அப்போது நியாயமாகவே இருக்கும்.

மின்சாரத்தின் விலை ஏறிவிடும் என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தான் செய்யும், சிறிதளவு. ஆனால் சர்க்கார் பணம் ஆயிரக் கணக்கான கோடியில் உதவித் தொகையாகப் போகும் வேலை இது. பணம் கொடுக்கிறவருக்கு நிபந்தனை சொல்லும் உரிமை எப்போதும் உண்டு. அதுவும் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்றால், குறைந்த விலைக்குக் கேட்பதற்காக ஒருவர் மட்டும் கடலை ஏமாற்ற வழியில்லை.

காலக் கட்டுப்பாடு என்பதும் புதுமையான யோசனை அல்ல. அமெரிக்காவில் வைன்யார்ட் விண்ட் என்ற பண்ணையைக் கட்டியவர்கள், அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு திமிங்கில இனத்துக்காக ஜனவரி முதல் ஏப்ரல் முடிய தூண் அடிப்பதில்லை என்று 2019ல் உடன்பாடு செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டு மீனவர்களுக்கோ இதை யாரும் வெளிநாட்டு உதாரணம் காட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கடன் வாங்கிக் குடும்பம் நடத்தி, வலையைப் பழுது பார்த்துக்கொண்டு, அவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஆகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ராமேசுவரம் துறையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, 'இந்த 61 நாளும் அந்தச் சம்மட்டி ஓயுமா, ஓயாதா?' என்று ஒரு கிழவர் ஒரு நாள் கேட்பார். அவருக்கு விரலை வைத்துக் காட்ட அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.